யாரும் கேட்காத எண்

வுங் டாவ்,
4 ஜூன் 1996

அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. போன வாரம் போனில் என்ன கேட்டாய்? "குறை சொல்றத விட்டா ஒனக்கு வேற என்னடா தெரியும்?" அதனால்தான் பாதியில் வைத்தேன். இந்த எரிவாயு நிலையத்தில் இருப்பது ஒரே போன், அதுவும் மேனேஜர் மேசையில். அவர் பார்த்துக்கொண்டிருக்க, வேலை வாங்கிக் கொடுத்த அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டு நிற்க எனக்கென்ன தலையெழுத்தா? இனிமேல் எழுத்துதான். சைகோனுக்கும் இங்கேயும் ஃப்ளாப்பி சுமக்கிற உங்கள் ஆள் விரைவுப் படகில் இதையும் சுமக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். காலை பத்து மணிக்கு கம்ப்ரஸர் நின்று மறுபடி ஓடியது. கடலிலிருந்து வரும் எரிவாயுக் குழாயில் நூற்று அறுபது அளவுமானிகள். எல்லா ஊசிகளும் ஒரே நேரத்தில் ஆடின. நீ எழுதிய டேட்டாபேஸ் என்ன செய்தது தெரியுமா? ஒரு ஊசி ஆடினால் கசிவு எண்ணை முதலிலிருந்து கணக்குப் போட்டது. அடுத்த ஊசி ஆடினால் திரும்பவும் முதலிலிருந்து. நூற்று அறுபது தடவை. அந்த நேரம் பார்த்து மூன்றாம் கொட்டகையில் தீ எச்சரிக்கை வந்தது. வெறும் வெல்டிங் புகைதான், மாதா காப்பாற்றினாள். ஆனால் மணி நாற்பது விநாடி கழித்துத்தான் அடித்தது. ஒப்பந்தத்தில் உங்கள் கம்பெனி எழுதிக் கொடுத்தது பத்து விநாடி.

கசிவு எண் என்றால் என்ன என்று உனக்கே சொல்கிறேன், நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. உள்ளே வந்த வாயு, வெளியே போன வாயு, குழாய்க்குள் நிற்கிற வாயு மூன்றையும் வைத்து, எவ்வளவு காணாமல் போகிறது என்று சொல்வது. எந்த அளவுமானியிலும் அந்த எண் இல்லை. கணக்குப் போட்டால்தான் உண்டு. இந்த வாயு சமையல் சிலிண்டர் வாயு மாதிரி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். வால்வுக் குழியில் வைக்க வேண்டிய மோப்பக் கருவி இன்னும் கப்பலில் வந்துகொண்டிருக்கிறதாம். அது வரும்வரை குழியில் இறங்குகிற ஹோவாங் அண்ணனுக்கு உன் எண்தான் மூக்கு. எனக்கு மலேரியா வந்தபோது ஒன்பது நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர் அவர். இரண்டு பெண் பிள்ளைகள். அந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் உன்னோடு நான் பேசவே மாட்டேன், சொல்லிவிட்டேன்.

இக்னாஸ்

*

சைகோன், தோன் டுக் தாங் சாலை,
7 ஜூன் 1996

தம்பி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை நீ சொல்வது சரி என்று தெரிந்து இன்னும் கோபம் வந்தது.

தப்பு என் மேல்தான். எண் எப்போதும் புத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, எது மாறினாலும் உடனே கணக்குப் போடு என்று விதி எழுதிவைத்தேன். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போது ஊசிகள் ஆடி அடங்க இரண்டு மூன்று விநாடி ஆகும். ஆடும்போது போட்ட கணக்கெல்லாம் அடுத்த நொடியே குப்பை. சோறு கொதிக்கும்போது நொடிக்கொரு தடவை மூடியைத் திறந்து பார்க்கிறவள் சமைத்து முடிக்கவே மாட்டாள்.

இத்துடன் வரும் ஃப்ளாப்பியை ஏற்று. இனிமேல் ஒரு ஊசி ஆடினால் கம்ப்யூட்டர் மூன்று விநாடி காத்திருக்கும். அதற்குள் ஆடியதையெல்லாம் சேர்த்துக்கொண்டு ஒரே ஒரு தடவை கணக்குப் போடும். ஏற்றும்போது பழைய பிரதியை அழித்துவிடாதே. உன் அவசரம் எனக்குத் தெரியாதா? காரைக்காலில் பப்பாவின் ரேடியோவைப் பழுது பார்க்கிறேன் என்று கழற்றி, கடைசியில் ஏழு திருகாணி மீந்தது யாருக்கு?

ஆகஸ்ட் முப்பதாம் தேதி நிலையத்தை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் சோதனையில் தேறாவிட்டால் எங்கள் ஆறு பேரையும் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் டைரக்டர். அதனால் உன் புகாரை எனக்கு எழுது, உன் மேனேஜருக்கு எழுதாதே. இதை அக்காவாகக் கேட்கிறேன்.

அம்மா கடிதம் போட்டிருக்கிறாள். "ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். ஆமாம், தினமும் என்று பதில் எழுதிவிட்டேன்.

ஒடெட்

*

வுங் டாவ்,
15 ஜூன் 1996

அக்கா,

ஏற்றினேன். திருகாணி எதுவும் மீதமில்லை.

முன்னைக்கு இப்போது தேவலாம். ஆனால் முழுசாகச் சரியாகவில்லை. கசிவு எண் மட்டுமா நீ வைத்திருக்கிறாய்? குழாயின் துண்டுக்குத் துண்டு இருப்பு, சராசரி அழுத்தம், குளிர்ச்சி அளவு, அது இது என்று கணக்குப் போட்டு வருகிற எண்களே முந்நூறு. எல்லாம் மூன்று விநாடி பொறுத்திருந்து, ஒரே நேரத்தில் எழுந்து நிற்கின்றன. திருவிழா முடிந்து மாதா கோயில் வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருவது போல. நேற்று நானே வேண்டுமென்று கம்ப்ரஸரை நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். தீ மணி பதினான்கு விநாடி.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காமல் படி. திரையில் கசிவு எண் நிற்கிறது, சரி. அது எப்போது போட்ட கணக்கு என்று எங்கே இருக்கிறது? இப்போது போட்டதா, பத்து நிமிடம் முன்னால் போட்டதா? பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் கணக்கிட்ட நேரத்தையும் காட்டு. மீன்காரிகூட எப்போது பிடித்த மீன் என்று கேட்டால் சொல்லுவாள்.

ஹோவாங் அண்ணனிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். "ஒங்க அக்கா கோவக்காரியா?" என்று கேட்டார். "கோவக்காரி, ஆனா வேலக்காரி" என்றேன். சிரித்தார்.

இக்னாஸ்

*

சைகோன்,
22 ஜூன் 1996

தம்பி,

வழி கிடைத்துவிட்டது. மூன்று நாளாக எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நீ சொன்ன முந்நூறு எண்களில், ஒரு நாளில் உங்கள் ஆட்கள் கண்ணால் பார்ப்பது எத்தனை? எண்ணிப் பார்த்தேன், இருபதுகூட இல்லை. பார்க்காத எண்ணுக்கு எதற்குக் கணக்கு? இனிமேல் ஊசி ஆடினால், அதைச் சார்ந்த எண்கள் மேல் 'பழசு' என்று ஒரு குறி மட்டும் போடும், அவ்வளவுதான். யாராவது அந்தப் பக்கத்தைத் திரையில் திறந்தால் அந்த நிமிடமே கணக்குப் போட்டுப் புதிதாகக் காட்டும். கேட்டால் மட்டும் கணக்கு. தீ மணி இந்தக் கணக்கு எதிலும் சேராமல் நேராகப் போகும். இங்கே சோதித்ததில் நான்கு விநாடி. டேய், நான்கு!

கசிவு எண்தான் எல்லாவற்றிலும் கனமானது, நூற்று அறுபது ஊசியையும் கூட்ட வேண்டும். அதை முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முதல் பக்கம் ஐந்து விநாடிக்கு ஒரு தடவை தானே கேட்டுக்கொண்டிருக்கும், ஆகவே கசிவு எண் எப்போதும் புதிதாக இருக்கும். அளவு தாண்டினால் கசிவு மணி அடிக்கும்.

நேரம் காட்டச் சொன்னாயே, முடியாது. திரையின் அமைப்பை வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டாயிற்று. ஒரு கட்டத்தைக் கூட்டினாலும் மறுபடி மூன்று கூட்டம் வைப்பார்கள். அதற்குப் பதிலாக, கசிவு எண் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும்படி செய்திருக்கிறேன். சத்தம் கேட்டால் எண் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். போதுமா, மீன்காரரே?

ஒடெட்

*

வுங் டாவ்,
3 ஜூலை 1996

அன்பு அக்கா,

இந்தத் தடவை 'அன்பு' போட்டிருக்கிறேன், கவனித்தாயா?

நான்கு விநாடிதான். மூன்று தடவை கம்ப்ரஸரை நிறுத்தி ஓட்டினேன், மூன்று தடவையும் நான்கு. சும்மா சொல்லக் கூடாது, கைதேர்ந்த வேலை. மேனேஜர்கூட என் தோளைத் தட்டினார். கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்க்கிற லான் உனக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னாள். இருபத்து நாலு வயசு, முந்நூறு எண்களும் எந்தெந்தப் பக்கம் என்று மனப்பாடம். போனில் நான் நடந்துகொண்டதும் சரியில்லைதான். விடு.

இங்கே எனக்குப் பழகாதது ஒன்றே ஒன்று, இந்தப் பகல் தூக்கம். மணி பன்னிரண்டு ஆனால் போதும், விளக்கை அணைத்துவிட்டு, பாயை விரித்துவிட்டு, நிலையமே குறட்டை விடுகிறது. ஒன்றரை வரை கலெக்டரே வந்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். "தூங்காத மனுசன் என்ன மனுசன்?" என்று என்னைக் கேலி செய்கிறார்கள். உன் 'டிக்' சத்தம்தான் அவர்களுக்குப் பெரிய தொந்தரவு. லான் முதல் பக்கத்தை மூடிவைத்துவிட்டுப் படுக்கிறாள். "ஏதாச்சும்னா மணி அடிச்சு எழுப்பும்ல, அதுக்குத்தானே ஒங்க அக்கா மணி வச்சிருக்காங்க" என்கிறாள். உன் மேல் அவ்வளவு நம்பிக்கை! நான் பதினொன்றரைக்கே பின்வாசல் வழியாக வெளியே போய், ஃபோ நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஹோவாங் அண்ணன் எங்கே படுக்கிறார் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நீ அதை அறிக்கையில் எழுதிவிடுவாய், பாவம் அவர். நிலையத்திலேயே குளுகுளுவென்று இருக்கிற இடம் அதுதான் என்கிறார்.

ஒப்படைப்பு முடிந்ததும் ஒரு ஞாயிறு வா. பூசை முடிந்து கடற்கரைக்குப் போகலாம்.

உன் தம்பி,
இக்னாஸ்

*

சைகோன்,
18 ஜூலை 1996, வியாழன், காலை 8.30

இக்னாஸ்,

இதைக் கையில் வாங்கியதும் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடு. மீதியைப் பிறகு படி. முதல் பக்கத்தை யாரும் மூடக் கூடாது. ஒரு நிமிடம்கூட.

ஒப்படைப்பு அறிக்கையில் 'பயன்படுத்துவோர் கருத்து' என்று ஒரு பகுதி. உன் பாராட்டை அப்படியே பார்த்து எழுதலாம் என்று இன்று காலை மேசை இழுப்பறையிலிருந்து உன் ஜூலை மூன்றாம் தேதிக் கடிதத்தை எடுத்தேன். 'கைதேர்ந்த வேலை' என்ற வரியைத் தேடும்போது லான் பக்கத்தை மூடுகிற வரி கண்ணில் பட்டது. அன்றைக்கே படித்த வரிதான். படித்துவிட்டுச் சிரித்தேன், ஞாபகம் இருக்கிறது. இன்றைக்குத்தான் புரிந்தது.

முதல் பக்கத்தை மூடினால் கசிவு எண்ணை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் கணக்கு இல்லை. கணக்கு இல்லையென்றால் மணி எதைப் பார்த்து அடிக்கும்? பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை, தினமும், இரண்டு வாரத்துக்கு மேலாக உங்களுக்குக் கசிவு மணியே இல்லை. இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்குகிறீர்கள்.

மணி வைத்த எண்ணை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கணக்கிட வேண்டும். இந்தப் பாலபாடம்கூட எனக்குத் தோன்றவில்லை. மலிவாகச் செய்யவும் வழி இருக்கிறது. நூற்று அறுபதையும் மறுபடி கூட்ட வேண்டியதே இல்லை. எந்த ஊசி மாறியதோ அதன் வித்தியாசத்தை மட்டும் பழைய மொத்தத்தில் சேர்த்தால் போதும். நூலளவு ஆட்டத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாம். மணிக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் முதலிலிருந்து கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். மூன்று நாளில் ஃப்ளாப்பி வரும். அதுவரை பக்கம் திறந்தே இருக்கட்டும். 'டிக்' சத்தம் தொந்தரவென்றால் ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கிவிடு.

இதை ஒன்பதரைப் படகில் அனுப்புகிறேன். தூக்கத்துக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். மேனேஜருக்கு இப்போது தெரிய வேண்டாம். நான் சரிசெய்துவிட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

ஒடெட்

*

வுங் டாவ்,
20 ஜூலை 1996, சனி

அக்கா,

ஹோவாங் அண்ணன் போய்விட்டார். வியாழன் பிற்பகல். இன்று காலை அடக்கம் முடிந்தது.

உன் ஆள் கடிதத்தைப் பதினொன்று நாற்பதுக்கே முன்வாசல் காவலரிடம் கொடுத்திருக்கிறான். நான் அதற்குள் பின்வாசல் வழியாகச் சாப்பிடப் போய்விட்டேன். காவலர் அதை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பாய் விரித்தார். 'தூங்கி எழுந்து கொடுத்துக்கலாம்னு நெனச்சேன்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். ஒன்றரைக்கு வாங்கினேன், உன் முதல் வரியைப் படித்ததும் ஓடினேன். முதல் பக்கத்தைத் திறந்தேன். திறந்த மறுநொடி மணி அடித்தது. சுவரே அதிர அடித்தது. ஊசிகளின் பழைய பதிவைப் பார்த்தால் குழியில் கசிவு தொடங்கியது பன்னிரண்டு இருபதுக்கு. ஒரு மணி பத்து நிமிடம், அக்கா. கணக்குப் போடத் தேவையான எல்லா எண்ணும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அவர் படுக்கிற இடம் வால்வுக் குழிதான். மேலே சொன்னால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உனக்குக்கூட விளையாட்டாக எழுதினேன். இரண்டு பேர் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கினோம். மேலே கொண்டுவந்து போட்டபோது தூங்குகிறவர் போலத்தான் இருந்தார். அவர் பெரிய பெண்ணுக்குப் பத்து வயது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, "அப்பாவ எழுப்புங்க மாமா" என்றாள்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். திட்ட வரவில்லை. நீ கணக்கை நிறுத்தினாய், நான் குழியை மறைத்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். விசாரணை வைக்கிறார்கள். நான் ஓடிய வேகத்தில் உன் கடிதத்தைக் கட்டுப்பாட்டு மேசையிலேயே போட்டுவிட்டேன். அதிகாரி எடுத்துவைத்துக்கொண்டார். தமிழ் படிக்க இங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. செவ்வாய் அல்லது புதன் என்னைக் கூப்பிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வியட்நாமிய மொழியில் சொல்லச் சொல்வார்கள். மேலே 8.30 என்று உன் கைப்பட நேரம் போட்டிருக்கிறாய். எட்டரைக்கே உனக்குத் தெரியும் என்று அந்தக் காகிதம் சொல்கிறது. மேனேஜருக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்கிறது.

நான் என்ன சொல்லட்டும்?

இக்னாஸ்

*

சைகோன்,
22 ஜூலை 1996, திங்கள்

இக்னாஸ்,

நேற்று ஞாயிறு, ஆள் வரவில்லை. உன் கடிதம் இன்று மாலை மூன்றுக்குத்தான் கிடைத்தது. படித்ததும் அலுவலகத்துக்கு வெளியே போய், ஆற்றங்கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னோடு வேலை செய்கிற பையன் மின் வந்து கூட்டிக்கொண்டு போனான்.

எழுதியிருப்பதை எழுதியபடி படி. 8.30ஐயும் படி. மேனேஜருக்குத் தெரிய வேண்டாம் என்பதையும் படி. ஒரு சொல்லையும் விழுங்காதே.

உண்மையைச் சொல்கிறேன். வியாழன் காலை போனை எடுத்தேன். உங்கள் நிலையத்தின் எண்ணில் பாதி சுழற்றினேன். மேனேஜர் எடுப்பாரே, ஏன் என்று கேட்பாரே, ஆகஸ்ட் முப்பது என்ன ஆகும் என்று யோசித்து வைத்துவிட்டேன். படகு பதினொன்றே காலுக்குப் போய்விடும், தூக்கம் பன்னிரண்டுக்குத்தான், நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். நீ எப்போது சாப்பிடப் போவாய், எந்த வாசல் வழியாகப் போவாய் என்று உன் கடிதத்திலேயே இருந்தது. அதையும் நான் பார்க்கவில்லை.

ஹோவாங்கின் மனைவி பெயர் என்ன? இவ்வளவு நாள் உன்னிடம் கேட்கக்கூட இல்லை பார்.

நாளைக் காலை முதல் படகில் இது வரும்.

ஒடெட்

*

வுங் டாவ்,
24 ஜூலை 1996, புதன்

அக்கா,

உன் கடிதம் நேற்றுப் பதினொன்றரைக்கு வந்தது. விசாரணை நேற்றுக் காலை ஒன்பதுக்கே முடிந்துவிட்டது.

நீ சொன்னபடி நான் படிக்கவில்லை. காகிதத்தைக் கையில் கொடுத்து, "என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க" என்றார் அதிகாரி. எதிரில் மேனேஜர். "புது புரோகிராம் மூணு நாள்ல வரும், வழக்கமான கடிதந்தான், குடும்ப விசயம் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டேன். மேலே இருக்கிற 8.30 என்ன எண் என்று கேட்டார். கடித வரிசை எண் என்றேன். நம்பிவிட்டார்கள். உன்னைச் சிறையில் போட்டுவிட்டால் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பது மட்டும்தான் அப்போது மண்டையில் ஓடியது. ஹோவாங் அண்ணன் மனைவி பெயர் பிக்.

அதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத மாட்டேன். கடிதத்தில் ஒன்றுமில்லை என்றதும், அப்படியானால் பக்கத்தை மூடியது யார் என்று திரும்பினார்கள். லான் எழுந்து நின்றாள். "நான்தான் மூடுனேன். மணி அடிக்கும்னு நெனச்சேன்" என்றாள். "ஒனக்கு யார் அப்படிச் சொன்னது?" என்று கேட்டார்கள். என்னைப் பார்த்தாள். அக்கா, அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடமை தவறி ஓர் உயிர் போகக் காரணமானவள் என்று காகிதம் தயாராகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் போலீஸ். இந்த ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியாது, ஆனால் அவளுடைய அப்பா இன்று வாசலில் வந்து நின்ற நிலையைப் பார்த்தேன்.

இப்போது நான் மாற்றிச் சொன்னால் பொய்ச்சாட்சி சொன்னவன் ஆவேன். குழி விஷயமும் கூடவே வெளியே வரும். சொல்லாவிட்டால் நீயும் நானும் தப்பிப்போம். உன் ஆறு பேரும் தப்பிப்பார்கள். இரண்டு நாளாக ஒரு வாய் இறங்கவில்லை. நீ பேசாமல் இரு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதிவிட்டேன், பார். பேசாமல் இரு. ஆனால் நீ இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும், அதற்காகவே உன் மேல் கோபம் கோபமாக வருகிறது.

இக்னாஸ்

*

சைகோன்,
25 ஜூலை 1996, வியாழன், காலை 10.15

தம்பி,

முதலில் போன் செய்தேன். பிறகுதான் இதை எழுதுகிறேன்.

உன்னைக் கேட்டேன், கம்ப்ரஸர் கொட்டகையில் இருப்பதாகச் சொன்னார்கள். கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேனேஜரிடமே பேசினேன். என் வியட்நாமிய மொழி உனக்குத் தெரியுமே, கால் உடைந்த கோழி. மின் பக்கத்தில் நின்று சொல் எடுத்துக் கொடுத்தான். கணக்கை நிறுத்தியது நான், பக்கத்தை மூடினால் மணி செத்துவிடும் என்று லானுக்கு யாருமே சொல்லவில்லை, கையேட்டிலும் நான் எழுதவில்லை, போன வியாழன் காலை எட்டரைக்கே எனக்குத் தெரியும் என்றேன். அந்தக் காகிதத்தில் அது இருக்கிறது, நானே வந்து படிக்கிறேன் என்றேன். நாளை அந்தப் பெண் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்றேன். நீ சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் படித்தால் தானே தெரிந்துவிடும். இன்று மாலைக்குள் நீயே அவரிடம் போய்ச் சொல்லிவிட்டால் உனக்கு நல்லது. குழியைப் பற்றியும் சொல். சொல்லாவிட்டால் அடுத்த ஆள் அங்கே போய்ப் படுப்பான்.

நான் முடித்ததும் மேனேஜர் கேட்டார்: "ஒடெட் அம்மா, அன்னைக்கும் இந்த போன் இதே மேசையிலதானே இருந்துச்சு? நான் இங்கயேதான் ஒக்காந்திருந்தேன். நான் பகல்ல தூங்கறதே இல்ல."

நான் அழுதேன். அவர் வைக்காமல் காத்திருந்தார்.

டைரக்டரிடம் இப்போது போகிறேன். அவர் என்ன சொன்னாலும் ஒரு மணிப் படகில் ஏறுவேன். மின்னும் வருகிறான், மொழிக்கு. இந்தக் கடிதத்தை முன்னால் போகிற ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன். காவலர் கையில் கொடுக்காதே, அவன் கையிலேயே கொடு என்று சொல்லியிருக்கிறேன். என்னை வைத்துக்கொள்வார்களா, அனுப்புவார்களா, தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்கு நானே எழுதுகிறேன், நீ எழுதாதே.

முதலில் பிக் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். முடியாது, அதற்கு எனக்கு இன்னும் முகம் இல்லை. லானைப் பார்த்த பிறகு போகிறேன். நீயும் கூட வா.

படகுத் துறைக்கு என்னை அழைக்க வராதே, வழி எனக்குத் தெரியும். மேனேஜரிடம் சொல்லிவிட்டு நேரே லான் வீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார். நான் வரும்வரை எழுந்திருக்காதே.

உன் அக்கா,
ஒடெட்